அப்டேட்டுக்காகச் செத்த மாமனார்

நான் எட்டாவது வரை படித்தவன். நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன மில்லில் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர். கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். முன்பு அங்கேயே மூட்டை தூக்கினேன். முதுகு போனது. மாடியில் கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். மவுஸ் பிடிக்க முதுகு வேண்டியதில்லை.

வேலை இதுதான். மக்காச்சோளம், சோயா, தவிடு எல்லாம் தனித்தனித் தொட்டியில் இருக்கும். கம்ப்யூட்டரில் அழுத்தினால் தொட்டியின் அடிக்கதவு திறந்து தராசில் கொட்டும், பிறகு மிக்சரில் கலந்து ஒரு பேட்ச் தீவனமாகும். ஐநூறு கிலோ சோளம் வேண்டுமென்றால் தராசு ஐநூறு காட்டுகிற வரை விடக் கூடாது. கதவை மூடின பிறகும் அந்தரத்தில் இருப்பது வந்து விழும். பத்துப் பன்னிரண்டு கிலோ கூடிப்போகும். கொஞ்சம் முன்னாடியே மூட வேண்டும். எவ்வளவு முன்னாடி என்பது சோளத்தின் ஈரத்தைப் பொறுத்தது. ஒரு கை அள்ளிப் பார்த்தால் எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு நம்பரை மாற்றுவேன். ஒவ்வொரு லாரிச் சரக்குக்கும் மாற்ற வேண்டும்.

அந்த புரோகிராமை எழுதியவர் சேலத்தில் கம்பெனி வைத்திருக்கிறார். ஒருமுறை மூன்று நாள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் சோளத்தை அள்ளுவதையும் நம்பர் மாற்றுவதையும் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். ஏன் என்று கேட்டார். தெரியாது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக் கம்ப்யூட்டரோடு வந்தார். அதில் புது புரோகிராம். நான் கையால் செய்ததை அது தானே செய்யும். பழையது நீலத் திரை. இது கறுப்பு. பழைய பெட்டியைக் கழற்றி ஸ்டோர் ரூமில் போட்டோம்.

"இது வேற எந்த மில்லுலயும் இல்லீங்க. இங்கதான் ஓட்டிப் பாக்கறோம். வெளிய மூச்சு விட்டுராதீங்க" என்றார்.

"சரிங்க."

"எங்க ஆபீஸ்ல சப்போர்ட்டுல இருந்து போன் பண்ணுவாங்க. அவங்களுக்கும் தெரியாது. அவங்ககிட்டயும் சொல்லப்படாது."

"உங்க ஆளுங்ககிட்டயேவாங்க?"

"போன வருசம் ரெண்டு பேரு வெளிய போயி எதுத்த தெருவுலயே கடை போட்டுட்டானுங்க. உள்ள இருக்கறது என்ற புரோகிராமு. மேல பேரு மட்டும் அவனுங்களுது."

"சரிங்க."

போகும்போது நெட் ஒயரையும் பிடுங்கிவிட்டுப் போனார். விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். அவர், என் மில் முதலாளி, நான். மூன்று பேரில் குறைவாகப் பேசுகிறவன் நான். ஆனால் போன் வருவது எனக்குத்தான்.

சப்போர்ட்டில் புதிதாக ஒரு பெண்பிள்ளை சேர்ந்திருந்தது. வாழப்பாடிக்காரி. திங்கட்கிழமை தவறாமல் கூப்பிடும்.

"குட் மார்னிங் சார். உங்க மில் ரெண்டு மாசமா நெட்ல வரவே இல்ல. ஒரு அப்டேட் போடணும் சார். நெட் மட்டும் குடுங்க, மீதிய நான் இங்க இருந்தே பாத்துக்கறேன்."

பழைய புரோகிராமுக்கான அப்டேட் அது. பழைய புரோகிராம் ஸ்டோர் ரூமில் கிடந்தது.

"கரண்டு இல்லீங்க அம்மிணி."

"மிக்சர் சத்தம் கேக்குதே சார்?"

"அது ஜெனரேட்டருங்க."

"ஜெனரேட்டர்ல கம்ப்யூட்டரும் ஓடுமே சார்."

"ஓடாதுங்க."

எனக்குப் பொய் பேசி வழக்கமில்லை. அதிகம் பேசினால்தானே பொய் வரும். அடுத்த திங்கள் கூப்பிட்டபோது எலி வந்து மவுஸ் ஒயரைக் கடித்துவிட்டது என்றேன். மூன்றாம் நாள் கூரியரில் ஒரு மவுஸ் வந்தது. நல்ல மவுஸ். மேஜைக்குள் ஒளித்து வைத்தேன்.

அதற்கடுத்த வாரம் நெட் ஒயர் எங்கே குத்துவது என்று தெரியவில்லை என்றேன். அது ஒரு வீடியோ எடுத்து அனுப்பியது. தன் கையாலேயே ஒயரைப் பிடித்து, 'இதுதான் சார் ஒயர், இதுதான் சார் ஓட்டை, டக்குனு சத்தம் கேக்கணும்' என்று மூன்று தடவை குத்திக் காட்டியிருந்தது. நான்கு வருடமாக அந்த ஒயரைக் குத்திப் பிடுங்கிக்கொண்டிருப்பவன் நான். முழுக்கப் பார்த்தேன். நன்றாகத்தான் சொல்லியிருந்தது.

உதவி செய்யாதவர்களிடம் பொய் சொல்வது சுலபம். திட்டினால் திருப்பித் திட்டலாம். இது திட்டவே இல்லை.

ஐந்தாவது திங்கள் குரல் இறங்கி வந்தது.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. நான் சேந்து ஆறு மாசம் முடியப் போகுது. என் லிஸ்டுல நாப்பது மில் இருக்கு. எல்லாத்துக்கும் அப்டேட் போட்டுப் பச்சை ஆனாதான் என்னை பர்மனென்ட் பண்ணுவாங்க. முப்பத்தொம்பது பச்சை சார். நீங்க ஒருத்தர்தான் சிவப்பு. வேலை போச்சுன்னா நான் ஊருக்குப் போயி அம்மாகூட கத்திரிக்காதான் பறிக்கணும். எனக்குக் கத்திரிக்காயே புடிக்காது சார்."

மேஜையைத் திறந்து அந்த மவுஸ் பெட்டியைப் பார்த்தேன்.

"சார்? லைன்ல இருக்கீங்களா? இன்னிக்கு மட்டும் நெட் குடுங்க சார். அரை மணி நேரம்."

என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கரண்ட், எலி, ஒயர் எல்லாம் தீர்ந்துவிட்டது. கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். கேட்டில் என் மாமனார் நின்றுகொண்டிருந்தார். மில்லுக்கு வாட்ச்மேன் அவர்தான். உள்ளே வந்த ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தார். வேறு யாராவது தெரிந்திருந்தால் அவரைச் சொல்லியிருப்பேன்.

"என்ற மாமனாரு தவறிட்டாருங்க."

"ஐயையோ. எப்ப சார்?"

"இப்பத்தானுங்க."

"இப்பவா? ஆபீஸ்ல இருக்கீங்களே சார்?"

"சேதி இப்பத்தான் வந்துச்சுங்க."

"வைங்க சார், வைங்க. அப்டேட்டாவது ஒண்ணாவது. மொதல்ல கெளம்புங்க. பாத்துப் போங்க, வண்டியை வேகமா ஓட்டாதீங்க."

வைத்துவிட்டது. மாமனார் ஆட்டை வெளியேற்றிவிட்டு பீடி பற்றவைத்தார்.

அன்றைக்கே கம்பெனிக்காரருக்குப் போன் போட்டேன். நானாக அவருக்குப் போன் போட்டது அதுதான் முதல் தடவை.

"அந்த அம்மிணிக்கு மட்டும் சொல்லிப்போடலாங்களா?"

"எந்த அம்மிணிங்க?"

"உங்க சப்போர்ட்டுல இருக்குதுங்க. வாழப்பாடி."

"அப்படி ஒண்ணு இருக்குதா? ஒருத்திக்குச் சொன்னா ஆபீஸ் பூராவும் தெரிஞ்சு போகும். சமாளிங்க."

"அதோட வேலை போயிருமாட்ட இருக்குதுங்க."

"அதெல்லாம் மேனேஜரு பாத்துக்குவாரு."

சரி என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். சொன்ன வார்த்தையை எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது.

பிறகு வந்த இரண்டு திங்களும் அது அப்டேட்டைப் பற்றிப் பேசவே இல்லை. 'சாப்புட்டீங்களா சார்? அக்கா எப்படி இருக்காங்க? அழறாங்களா?' என்று கேட்டது. என் பெண்டாட்டி அழவில்லை. அவள் அப்பன் இரண்டு வேளை தின்றுவிட்டு அவளிடம் குழம்பில் உப்பில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். 'பரவாயில்லீங்க' என்று சொன்னேன்.

பதினெட்டாம் நாள் வந்தது வினை.

காலை பதினோரு மணி இருக்கும். மில் கேட்டில் ஆட்டோ ஒன்று நின்றது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி சுடிதார், தோளில் லேப்டாப் பை. இன்னொருத்தி வயதான அம்மாள், தலையில் பூ இல்லை, கையில் தூக்குப்போசி. நான் மேலே இருந்தேன். கேட்டில் நடந்ததை என் மாமனார் பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். கல்யாண வீடுகளில்கூடச் சொல்கிறார்.

"யாருங்க? யாரைப் பாக்கோணும்?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"ஆப்பரேட்டர் சாரைப் பாக்கணுங்க" என்றிருக்கிறது அந்தப் பெண்.

"என்ன சமாச்சாரமுங்க?"

அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாளாம். "அவரு மாமனாரு தவறிட்டாராமே. பாவம், ஊட்டுக்கு விலாசம் தெரியல. அதான் இங்கியே துக்கம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

"எந்த மாமனாருங்க?"

"அவருக்கு எத்தினி மாமனாரு?"

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதானுங்க. அது நாந்தானுங்க."

அம்மாள் அழுவதற்குத் தயாராக மூச்சை இழுத்திருக்கிறாள். இழுத்த மூச்சு அப்படியே நின்றுவிட்டதாம்.

மாமனார் படியேறி வந்தார். கோபமாக வருவார் என்று நினைத்தேன். இல்லை. கதவில் சாய்ந்துகொண்டு நிதானமாகக் கேட்டார்.

"மாப்ள, நான் எப்பச் செத்தேன்?"

"பதினெட்டு நாளாச்சுங்க மாமா."

"கருமாதி?"

"முடிஞ்சுதுங்க."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லல பாரு."

அவருக்குப் பின்னால் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அந்தப் பெண்தான். கறுப்புத் திரை பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிடந்த காலிச் சாக்கை எடுத்து மானிட்டர் மேல் போட்டேன். தவிட்டுச் சாக்கு. தூசி கிளம்பி மூன்று பேரும் தும்மினோம்.

தும்மி முடித்துவிட்டு அது என்னைப் பார்த்தது. போனில் குரலைக் கேட்டுப் பெரிய ஆளாக நினைத்திருந்தேன். சின்னப் பெண். மூக்கெல்லாம் தவிடு.

"நல்லா இருக்காரே சார்."

"ஆமாங்க."

"நாலு நாள் எனக்குச் சோறு எறங்கல சார். எங்க அப்பா போனப்ப இப்படித்தான் வேலை எடத்துக்குச் சேதி வந்தது. அதை நெனச்சுட்டேன்."

மாமனார் மெல்லப் படியிறங்கிப் போய்விட்டார்.

"நான் என்ன சார் தப்புப் பண்ணேன்? அப்டேட்தானே போடச் சொன்னேன். புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லியிருக்கலாமே." கண்ணைத் துடைத்துக்கொண்டது. "நாளைக்கு லிஸ்ட் எடுக்கறாங்க. லீவு போட்டுட்டு வந்தேன். துக்கம் கேட்டுட்டு, அப்படியே அரை மணி நேரம் கம்ப்யூட்டரையும் குடுப்பீங்கன்னு."

நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அதற்கு மில்லை நிறுத்த வேண்டும்.

இந்த புரோகிராமுக்கு ஒரு சாவி உண்டு. பென்டிரைவ் மாதிரி இருக்கும். கம்ப்யூட்டரின் பின்பக்கம் அது குத்தியிருந்தால்தான் ஓடும். ஒரு மில்லுக்கு ஒரு சாவி. பழையதற்கும் புதியதற்கும் அதே சாவி. பிடுங்கினால் மிக்சர் நின்றுவிடும். கீழே ஒரு லாரி தீவனத்துக்குக் காத்து நின்றது. அது போய்ச் சேர வேண்டிய பண்ணையில் காலையிலிருந்து தீவனம் இல்லை.

"உக்காருங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுச் சாவியைப் பிடுங்கினேன்.

மில் அடங்கியது. அந்தச் சத்தம் நின்றால் காது அடைத்த மாதிரி இருக்கும். ஸ்டோர் ரூமுக்குப் போனேன். பழைய பெட்டி வைட்டமின் மூட்டைகளுக்கு அடியில் இருந்தது. முதுகைப் பற்றி யோசிக்காமல் இழுத்தேன். மேலே பல்லி முட்டை நான்கு. கொண்டுவந்து மேஜையின் இன்னொரு ஓரத்தில் வைத்து, சாவியைக் குத்தி, என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். நீலத் திரை வந்தது.

"போடுங்க."

அது லேப்டாப்பைத் திறந்து ஆரம்பித்தது. இரண்டு சதவீதம் என்று காட்டியது. லாரி டிரைவர் கீழிருந்து ஹாரன் அடித்தான். மூன்று சதவீதம்.

மில் முதலாளி ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"ஏப்பா, மிக்சர் ஏன் நின்னுபோச்சு?"

"அப்டேட்டுங்க."

"அதான் நம்மளுக்கு வேண்டாமல்ல? நம்மகிட்டத்தான்..."

அங்கே அந்தப் பெண்ணைப் பார்த்தார். சாக்கு மூடிய மானிட்டரைப் பார்த்தார். பழைய பெட்டியைப் பார்த்தார். புரிந்துவிட்டது. புரிந்ததோடு நின்றிருக்கலாம்.

"ஆமாமா, அப்டேட்டு ரொம்ப முக்கியமுங்க அம்மிணி. நாங்க எப்பவும் பழசுதான் ஓட்டறது. புதுசு எதுவும் நம்மகிட்ட இல்லீங்க. யாரும் கொண்டாந்து குடுக்கவும் இல்லீங்க."

அந்தப் பெண் அவரிடம் எதையும் கேட்டிருக்கவே இல்லை.

"டீ சொல்றனுங்க" என்று கிளம்பினார். வாசல்வரை போய்த் திரும்பி, "அந்தச் சாக்கு சும்மா கெடக்குதுங்க" என்றார். அதன்பிறகுதான் போனார்.

நாற்பது சதவீதத்தில் டீ வந்தது. அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டது.

"சார், இதுல கடைசி பேட்ச் நாலு மாசம் முன்னாடி ஓடியிருக்கு."

"ம்."

"அப்பறம் மில் எப்படி சார் ஓடுது?"

"கையாலிங்க."

என் கையைப் பார்த்தது. சாக்கைப் பார்த்தது. சாக்குக்கு அடியில் கறுப்பு மானிட்டரில் ஒரு பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன். நகர்ந்து உட்கார்ந்து அதை மறைத்தேன். என் உடம்பு அகலமானது. அந்த ஒன்றுக்காவது பயன்பட்டது.

"உள்ள என்ன சார் இருக்கு?"

பொய் ஒன்று தயாராக நாக்கில் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"சொல்ல முடியாதுங்க அம்மிணி" என்றேன்.

அது அரை டீயைக் குடித்தது.

"இதை மொத வாரமே சொல்லியிருந்தா, நான் அந்த மவுஸை என் கைக்காசுல வாங்கி அனுப்பியிருக்க மாட்டேன் சார்" என்றது.

மேஜையைத் திறந்து மவுஸை எடுத்துக் கொடுத்தேன். பிரிக்காமல் அட்டைப்பெட்டியோடு இருந்தது. அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மொத்தம் நாற்பத்திரண்டு நிமிடம். லாரி டிரைவர் ஹாரன் அடித்து அலுத்துப்போய் லாரிக்கு அடியில் படுத்துவிட்டான். திரையில் முடிந்தது என்று வந்ததும் அது தன் போனை எடுத்து லிஸ்ட்டைத் திறந்து என் முகத்துக்கு நேராக நீட்டியது. நாற்பது வரி. எல்லாம் பச்சை.

நான் சாவியைப் பிடுங்கிப் புதுப் பெட்டியில் குத்தினேன். அந்தப் பெண் தானாகவே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டது. சாக்கைத் தூக்கி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மிக்சரை ஓட்டிவிட்டேன். மில் மறுபடியும் சத்தம் போட்டது. கூடையைப் போட்டுக் கோழி மூடுகிற மாதிரி திரும்பச் சாக்கைப் போட்டேன்.

கீழே வந்தால் என் மாமனாரும் அந்த அம்மாளும் கேட்டுக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று அம்மாள் தூக்குப்போசி நிறையப் புளிசாதம் கொண்டுவந்திருந்தாள். அதில் பாதி காலி.

"வாங்க மாப்ள. என்ற எழவுச் சோறு அருமையா இருக்குது. நீங்களும் ஒரு வாய் தின்னுங்க."

தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது அம்மாளுக்குக் குழப்பம் வந்துவிட்டது. துக்கம் கேட்கப் போன இடத்தில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். இங்கே துக்கமே இல்லை. ஆனால் வந்தது துக்கத்துக்கு. ஆட்டோவில் ஒரு காலை வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"ஏண்டி, சொல்லலாமா, கூடாதா?"

"சொல்லிட்டுத்தான் போங்களேன்" என்றார் மாமனார். "நாளப் பின்ன நெசமாலுமே செத்தா வராமயா போயிருவீங்க?"

அடுத்த திங்கள் போன் வரவில்லை. அதற்கடுத்த திங்களும் வரவில்லை. மேனேஜர் கண்டுபிடித்துவிட்டாரோ என்று நினைத்தேன். யாரிடமும் கேட்க முடியாது. எதைச் சொல்லிக் கேட்பது?

நான்கு மாதம் போனது. கம்பெனிக்காரர் கூப்பிட்டுப் புது புரோகிராமை எல்லா மில்லுக்கும் கொடுக்கப் போவதாகச் சொன்னார். உங்கள் மில்லில் முன்னாடியே ஓடியது மட்டும் வெளியே தெரிய வேண்டாம், எங்கள் ஆட்களே என்மேல் வருத்தப்படுவார்கள் என்றார். சரிங்க என்றேன்.

ஒரு திங்கட்கிழமை அந்தப் பெண் கூப்பிட்டது.

"குட் மார்னிங் சார். உங்க மில்லுக்கு ஒரு புது வெர்ஷன் வந்திருக்கு. ட்ரெய்னிங் குடுக்கணும். புது வெர்ஷனுக்கு நாமக்கல் சைடு பூரா நான்தான் சார். பர்மனென்ட் பண்ணிட்டாங்க. ஒரு மணி நேரம் உங்களால உக்கார முடியுமா?"

"உக்காரறனுங்க."

உட்கார்ந்தேன். எட்டு மாதமாக ஓட்டிக்கொண்டிருப்பதை ஒரு மணி நேரம் போனில் சொல்லிக் கொடுத்தது. திரை கறுப்பாக இருக்கும், பயப்படாதீர்கள் என்றது. சரிங்க என்றேன். சோளம் எப்போது நிற்க வேண்டும் என்று அதுவே கற்றுக்கொள்ளும் சார், அதிசயமா இருக்கும் என்றது. அப்படீங்களா என்றேன். அதன் பக்கத்தில் வேறு ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது. ஒரு இடத்தில் அது தப்பாகச் சொன்னது.

"புதுச் சரக்கு லாரி வந்தா ஒரு பேட்ச் ஓட்டிட்டு, அப்பறம் இந்தப் பட்டனை அழுத்திப் பழைய கணக்கை அழிச்சிடுங்க சார்."

ஓட்டிவிட்டு அழித்தால் பழைய லாரிக் கணக்கில் ஓடி அந்த முதல் பேட்ச் வீணாகும். எனக்குத் தெரியும். முதல் வாரத்தில் அப்படி ஒரு பேட்சை வீணாக்கி முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இது இப்படியே நாற்பது மில்லுக்கும் சொல்லப் போகிறது. நாற்பது மில்லிலும் முதல் பேட்ச் போகும். நாற்பது முதலாளிகளும் இந்தப் பெண்ணைத்தான் திட்டுவார்கள்.

"ஏனுங்க அம்மிணி, ஓட்டறதுக்கு முன்னாடியே அழிச்சா நல்லா இருக்குமோன்னு தோணுதுங்க."

அந்தப் பக்கம் பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

"தோணுதா சார்?"

"தோணுதுங்க."

"எங்க மேனுவல்ல அப்பறம்னுதான் போட்டிருக்கு."

"ம்."

"சரி சார். முன்னாடின்னே எழுதிக்கறேன்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தியது. "வேற எங்கியாவது ஏதாவது தோணுச்சுன்னாலும் சொல்லுங்க சார். நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

இரண்டு இடத்தில் தோன்றியது. சொன்னேன். எழுதிக்கொண்டது.